கம்பெனி பஸ்ஸில் ஒரு ஞானஸ்நானம்

சவேரியார் கோயில் நூற்றாண்டு மலரில் ஊரின் முக்கியமானவர்களுக்குத் தலைக்கு ஒரு பக்கம் என்று முடிவாகியிருந்தது. ஓலைக் கோயில் கட்டிய முதல் உபதேசியார், கோயிலுக்கு நிலம் கொடுத்தவர், பள்ளிக்கூடம் தொடங்கிய ஆசிரியர், கடைசியாக இன்னாசி சாமியார். முதல் மூவரும் இறந்துபோனவர்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல எல்லோரிடமும் ஏதாவது இருந்தது. இன்னாசி சாமியாருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அந்த ஊரிலிருந்து குருவானவராகப் போன ஒரே ஆள். காரியாபட்டிப் பக்கம் ஒரு பங்குக் கோயிலில் இருந்தார். அவருடைய புகைப்படங்கள் நிறையக் கிடைத்தன. எழுதத்தான் ஒன்றும் இல்லை.

மலரைத் தயாரித்துக்கொண்டிருந்தவள் சுகிர்தா. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைன் வேலை பார்த்தாள். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் செய்து பழகிய கை. மாதா படத்தைச் சுற்றியும் பூவாணம் போலத்தான் கதிர் வரைந்திருந்தாள்.

"மிக்கேலம்மாளைக் கேளு. அவருக்கு மொதத் தண்ணி ஊத்துனதே அவதான்" என்று அவளிடம் சொன்னார்கள்.

மிக்கேலம்மாளைப் பற்றி ஊரில் வேறு செய்தி எதுவும் கிடையாது. எம். புதுப்பட்டியைத் தாண்டி உள்ளே இருக்கும் அந்த ஊரின் கோயில் தெருவிலேயே பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றப் போனவர். நெஞ்சில் தூசி அடைத்து இறந்தார். இரண்டு மகள்கள் திருப்பூரில். அவள் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கும் வேலை பார்த்து, மூட்டு வலி வந்த பிறகு நின்றுவிட்டாள். திருவிழாவில் அவள் பெயரை ஒலிபெருக்கியில் யாரும் சொன்னதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை. ஆனால் இன்னாசி சாமியார் ஊருக்கு வந்து பூசை வைக்கும் நாட்களில் அவள் இரண்டாம் வரிசையில் ஓரமாக உட்காருவாள். அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். அவ்வளவுதான் அவளுக்கிருந்த மரியாதை.

சுகிர்தா போனபோது பக்கத்து வீட்டுச் சண்முகத்தாயும் அங்கே இருந்தாள். கம்பெனியில் மிக்கேலம்மாளோடு ஒன்றாக வேலை பார்த்தவள். காளியம்மன் கோயில் பொங்கலுக்கு மிக்கேலம்மாள் போவதும், சவேரியார் திருவிழாவுக்கு அவள் வருவதும் வழக்கம்.

சுகிர்தா செல்போனைப் பதிவில் போட்டு நடுவில் வைத்தாள்.

"சாமியார் பொறந்த கதையச் சொல்லுங்க பெரியம்மா."

"என்னத்தச் சொல்ல. கம்பெனி பஸ்ல பொறந்தாரு."

"அப்பிடிச் சொன்னா எப்பிடிக்கா? நல்லா வெலாவாரியாச் சொல்லு, புத்தகத்துல வருதுல்ல" என்றாள் சண்முகத்தாய்.

மிக்கேலம்மாள் சொன்னாள். கோடைக்காலம். வேலை முடிந்து திரும்பும் பஸ். சாமியாரின் தாய் லூர்தம்மாளுக்கு எட்டாம் மாதம். பாதி வழியில் வலி வந்துவிட்டது. டிரைவர் பஸ்ஸை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார். பஸ் போய்ச் சேருவதற்குள் சீட்டுகளுக்கு நடுவே குழந்தை பிறந்தது. லூர்தம்மாள் மயங்கிவிட்டாள். குழந்தை அழவில்லை. உடம்பு நீலம் பாரித்திருந்தது.

"சின்னப் பிள்ளையில கன்னியாஸ்திரி ஒருத்தவங்க ஞானோபதேசம் நடத்துவாக. ஒரு பொம்மையக் கொண்டாந்து, சாகக் கிடக்குற பிள்ளைக்குச் சாமியார் இல்லாட்டி யாரு வேணும்னாலும் ஞானஸ்நானம் குடுக்கலாம்னு ஊத்திக் காட்டுனாக. அது எனக்கு அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. தண்ணி, தண்ணின்னு கத்துறேன். சாயங்கால பஸ்ல யாருட்ட தண்ணி இருக்கும்? அம்புட்டுத் தூக்குவாளியும் காலி."

"எங்கிட்ட இருந்துச்சு" என்றாள் சண்முகத்தாய்.

"ஒங்ககிட்டத் தண்ணி இருந்துச்சா?"

"தண்ணி எங்க? பன்னீர் சோடா. எம்மகன் காய்ச்சல்ல கிடந்தான், கலர் வேணும் கலர் வேணும்னு அழுதான்னு கம்பெனி வாசக்கடையில வாங்கி மடியில வச்சிருந்தேன். இவ வெடுக்குனு புடுங்கிட்டா. தெறக்க ஒண்ணுமில்ல. நாந்தான் பல்லால கடிச்சுத் தெறந்தேன். இந்தா, இந்தப் பல்லு அன்னைக்குப் போனதுதான்."

மூவரும் சிரித்தார்கள்.

"மூணு தடவ ஊத்துனேன்" என்றாள் மிக்கேலம்மாள். "பிதா சுதன்னு சொல்லி, எங்க அய்யா பேரு வாயில வந்துச்சு, இன்னாசின்னு வச்சேன். மூணாந்தடவ ஊத்தையில சோடா மூக்குல ஏறிருச்சு. பிள்ள தும்முச்சு. தும்மிட்டு வீர்னு ஒரே அழுக."

"அப்புறம் பங்குச் சாமியார்ட்டச் சொன்னீங்களா?"

"சொல்லாம? பிள்ளையக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனோம்ல. வார்த்தையச் சரியாச் சொன்னியான்னு கேட்டாரு. சொன்னேன்னேன். மூணு தடவை ஊத்துனியான்னாரு. ஊத்துனேன்னேன். எண்ணெ மட்டும் பூசி எழுதிக்கிட்டாரு."

"சோடான்னு சொல்லலையா?"

"அவுக கேக்கல. சோடாலயும் தண்ணிதான இருக்கு."

சுகிர்தா அந்தப் பதிவை அன்றே மலர்க் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டாள். ஒருவர் சிரித்தார். ஒருவர் கை கூப்பினார். அந்தக் குழுவில் இன்னாசி சாமியாரும் இருந்தார். அவர் பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் மாலை, கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் சந்தியாகு மிக்கேலம்மாள் வீட்டுக்கு வந்தார். வெயிலில் நடந்து வந்திருந்தார். உட்காரவில்லை.

"அக்கா, அந்தப் பிள்ளைட்ட என்ன சொல்லி வச்சிருக்கீக?"

"என்ன உபதேசியாரே?"

"சோடான்னு சொல்லிருக்கீக."

"சோடாதான?"

சந்தியாகு சுவரில் சாய்ந்து நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் வேண்டும். ஆற்றுத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், மழை, குழாய், எது வேண்டுமானாலும். ஆனால் தண்ணீர். பால் கூடாது, இளநீர் கூடாது. சர்க்கரையும் வாசனையும் போட்ட சோடா தண்ணீரா என்பது சந்தேகம். ஞானஸ்நானம் சந்தேகம் என்றால், அதன்மேல் கட்டிய எல்லாம் சந்தேகம். ஞானஸ்நானம் பெறாதவருக்குக் குருப்பட்டம் ஏறாது. பட்டம் ஏறாதவர் வைத்த பூசை பூசையாகாது.

மிக்கேலம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையைச் சேலையில் துடைத்தாள். கையில் ஒன்றும் இல்லை.

"அப்ப இம்புட்டு நாளும்?"

"ஃபாதர் நேத்திலிருந்து பூசை வைக்கலயாம். காய்ச்சல்னு சொல்லிட்டு ரூம்ல இருக்காரு. ஒங்களப் பாக்க நாளைக்கு வாராரு. எங்கிட்டப் போன்ல சொன்னாரு, பெரியம்மா வாயால கேக்கணும், வயசானவங்க, ஒண்ணு கிடக்க ஒண்ணு சொல்லிருக்கலாம்னு." சந்தியாகு நிறுத்தினார். "அவரே வழிய விட்டு வச்சிருக்காரு. தண்ணிதான்னு சொல்லிருங்க. சிரிப்புக்குச் சொன்னேன்னு சொல்லிருங்க. அம்புட்டுத்தான்."

"பொய் சொல்லச் சொல்றீகளா? உபதேசியாரு நீங்க."

"நம்ம ஊருக்குன்னு இருக்கிறது ஒரு சாமியாரு. அவரும் இல்லைன்னா மலர்ல யாரப் போட? மலரு கிடக்கட்டும். எஞ் சினேகாவுக்குப் பூசை வச்சது அவருதானக்கா."

சினேகா சந்தியாகுவின் மகள். பட்டாசுக் கம்பெனி ஒன்றில் மருந்து அறை வெடித்தபோது போனவள். முகத்தைப் பார்க்க யாரையும் விடவில்லை. மூடிய பெட்டியின் முன்னால் இன்னாசி சாமியார்தான் பூசை வைத்தார். பாதியில் குரல் உடைந்து நின்று, மறுபடி தொடங்கினார். சந்தியாகுவுக்கு அந்தப் பூசையைத் தவிர மகளுக்குச் செய்ததாகச் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

அவர் போன பிறகு மிக்கேலம்மாள் வாசல்படியில் உட்கார்ந்தாள். சண்முகத்தாய் வந்து கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதென்னக்கா கூத்தா இருக்கு? பிள்ள பொழச்சுச்சா இல்லையா?"

"பொழச்சுச்சு."

"அப்புறம் என்ன? ஒங்க சாமிக்குச் சோடா ஆகாதாக்கும்? எங்க அம்மனுக்குக் கலர் வாங்கி வச்சாக் குடிச்சுக்கிடும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நானும் தண்ணின்னே சொல்லிப்புடுறேன். ரெண்டு சாட்சி. பஸ்ல இருந்த மத்தவளுக எங்கெங்கயோ போயிட்டாளுக. டிரைவர் செத்துட்டாரு. யாரு வந்து கேக்கப் போறா? பல்லு போனதுக்கு வேற காரணம் சொல்லிக்கிடுவேன்."

மிக்கேலம்மாள் சிரிக்கவில்லை. குடத்தில் இருந்த தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு பார்த்தாள். லாரியில் வந்த தண்ணீர். லேசாக மஞ்சளாக இருந்தது. அதுவாக இருந்திருந்தால்கூடப் போதும் என்று சந்தியாகு சொல்லியிருந்தார். கலங்கல் பரவாயில்லை, தண்ணீராக இருந்தால் போதும்.

அவள் வாழ்க்கையில் அவள் முடிவெடுத்துச் செய்தது அந்த ஒன்றுதான். கல்யாணம் வீட்டில் முடிவு செய்தார்கள். வேலைக்கு ஏஜெண்டு கூட்டிப் போனார். மகள்கள் அவர்களாகப் போனார்கள். பஸ்ஸில் முப்பது பெண்கள் அலறிக்கொண்டிருந்தபோது, அவள்தான் கையை நீட்டினாள். அது செல்லாது என்றால்?

தண்ணீர் என்று சொன்னால் அது செல்லும். சொல்வதற்குத்தான் வாய் வர வேண்டும்.

மறுநாள் இன்னாசி சாமியார் பைக்கில் வந்தார். வெள்ளை அங்கி இல்லை. சட்டையும் பேண்டும். முகம் மழித்திருக்கவில்லை. கோயிலுக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தார்.

"வாங்க சாமி. சாப்பிட்டீகளா?"

"ஆச்சு பெரியம்மா. உக்காருங்க."

அவர் தரையில் உட்கார்ந்தார். அவள் கட்டிலில் உட்காரத் தயங்கி, அவளும் தரையில் உட்கார்ந்தாள். மூட்டு வலித்தது.

"நான் ஒண்ணு கேப்பேன். யாருக்காகவும் யோசிக்காமச் சொல்லணும். எனக்காகவும் யோசிக்க வேணாம்."

"சந்தியாகு வந்துட்டுப் போனாரு."

"தெரியும். என்ன சொல்லச் சொல்லிருப்பாருன்னும் தெரியும்." அவர் லேசாகச் சிரித்தார். "நேத்து முழுக்க நானும் அதையேதான் நெனச்சேன். பெரியம்மா தண்ணின்னு சொல்லிட்டா நல்லாருக்கும்னு. பதினோரு வருசம் பூசை வச்சிருக்கேன். பட்டம் வாங்குன அன்னைக்கு எண்ணெ பூசுன கையில ஒரு துணியக் கட்டுவாங்க. அதத் தாய்க்குக் குடுக்கிறது. அம்மா அதப் பெட்டிக்குள்ள வச்சிருந்து, சாகையில கையில சுத்தி அடக்கம் பண்ணச் சொல்லுச்சு. அது கல்லறைக்குள்ள இருக்கு. நான் இப்ப அம்மாட்டப் போயி என்ன சொல்ல?"

மிக்கேலம்மாள் அவர் தலையைப் பார்த்தாள். உச்சியில் முடி குறைந்திருந்தது. அந்த இடத்தில்தான் ஊற்றினாள்.

"ஒரு துளியாவது தண்ணி இருந்துச்சா பெரியம்மா? துணிய நனைச்சுத் தொடச்சீங்களா? வேற யாராவது?"

அவர் கேட்ட விதத்தில் தப்பிக்க இரண்டு கதவுகள் திறந்திருந்தன: நனைத்த துணி, வேறு யாரோ. அவள் இரண்டையும் பார்த்தாள்.

"இல்ல சாமி. சோடாதான். பன்னீர் சோடா. கையெல்லாம் பிசுபிசுன்னு இருந்துச்சு. ஆஸ்பத்திரி போற வரைக்கும் ஒங்க தலையில ஈ மொச்சுச்சு, நான் ஓட்டிக்கிட்டே வந்தேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே ஒரு லோடு ஆட்டோ போனது.

"தண்ணின்னு சொல்லிருக்கலாம்" என்றாள் மிக்கேலம்மாள். "சொல்லணும்னுதான் காலையில இருந்து வாய்க்குள்ள சொல்லிப் பாத்தேன். ஆனா நீங்க பூசை வைக்கையில நான் ரெண்டாம் வரிசையில உக்காருவேன்ல. நீங்க கிண்ணத்தத் தூக்கும்போதெல்லாம் ஊரே குனிஞ்சு கும்பிடும். நான் ஒருத்தி மட்டும் சோடாவ நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். அது என்னால ஆகாது."

"சரி பெரியம்மா."

"அப்ப நான் செஞ்சது ஒண்ணுமேயில்லையா?"

குருமடத்தில் படித்த பதில்கள் அவரிடம் நிறைய இருந்திருக்கும். அவர் அவளுடைய கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எழுந்து போனார்.

சந்தியாகு தெருமுனையில் நின்றிருந்தார். பைக்கை நிறுத்தி அவரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார் இன்னாசி. சந்தியாகு அதற்குப் பிறகு மிக்கேலம்மாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. எதிரே பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டார். இன்னாசி சாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். சாமியார் வேலையை விட்டுவிட்டார் என்றும் சிலர் சொன்னார்கள். ஒரு பெண்ணின் பெயரைக்கூடச் சேர்த்தார்கள். மிக்கேலம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு குழாயடியில் நின்றாள். அவள் வாயைத் திறந்தால் நின்றுபோகும் பேச்சு அது. திறந்தால் வேறொரு பேச்சு தொடங்கும்.

சில வாரங்கள் கழித்து இன்னாசி போன் செய்தார். மறைமாவட்டத்தின் பிஷப்பான மேற்றிராணியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ரகசியமாக, அவர் வீட்டுச் சிற்றாலயத்தில் ஞானஸ்நானம். உறுதிபூசுதல். பிறகு பட்டம். எல்லாம் புதிதாக. ஞானஸ்நானத்தில் பெயர் சொல்லி நிற்க ஞானத்தாய் ஒருத்தர் வேண்டும்.

"நானா? நான்தான் கெடுத்தவ" என்றாள் மிக்கேலம்மாள்.

"நீங்கதான் வரணும் பெரியம்மா."

தனியாகப் போகப் பயந்து சண்முகத்தாயைக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் சண்முகத்தாய் கேட்டுக்கொண்டே வந்தாள். "எங்கிட்ட ஏதும் கேப்பாகளா? சோடா எந்தக் கடைன்னு கேட்டா என்ன சொல்ல? அந்தக் கடையே இப்ப இல்லயே."

சிற்றாலயம் சின்ன அறைதான். மேற்றிராணியார், இன்னாசி, இரண்டு குருக்கள், இவர்கள். சண்முகத்தாய் வாசலோடு நின்றுகொண்டாள். கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் இருந்தது. மிக்கேலம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிவரைக்கும் தெரிந்தது.

"என்ன பெயர் வைக்கிறீர்கள்?" என்று மேற்றிராணியார் முறைப்படி அவளிடம் கேட்டார்.

"இன்னாசி" என்றாள். இந்தத் தடவை யோசித்துச் சொன்னாள். வேறு பெயர் வரவில்லை.

உயரமான இன்னாசி ஞானஸ்நானத் தொட்டியின் மேல் குனிந்தார். மேற்றிராணியார் குடுவையைச் சாய்த்தார். "இன்னாசி, நீ இதுவரை ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்று தொடங்கி வார்த்தைகளைச் சொல்லி மூன்று முறை ஊற்றினார். தண்ணீர் காதோரம் வழிந்து சட்டைக் காலரை நனைத்தது. அவர் தும்மவில்லை.

எல்லாம் முடிந்து மேற்றிராணியார் வெளியே வந்தபோது மிக்கேலம்மாள் வழக்கப்படி அவர் கை மோதிரத்தை முத்தமிடப் போனாள். முத்தமிடாமல் நின்றாள்.

"பிஷப் ஆண்டவரே, பெறாதிருந்தால்னு சொன்னீகளே. அது ஏன்?"

"அவர் ஏற்கனவே பெற்றிருந்தால் மறுபடி கொடுக்கக் கூடாதம்மா. ஒருவருக்கு ஒரு தடவைதான். அதனால் அப்படிச் சொல்ல வேண்டும்."

"ஏற்கனவே வாங்கிருக்கலாமா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் அங்கே இருந்தீர்கள்" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மிக்கேலம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திருமங்கலம் தாண்டிய பிறகு சண்முகத்தாயின் தொடையைத் தட்டினாள்.

"மேற்றிராணியாருக்கே நிச்சயமாத் தெரியலைட்டி."

"என்னது?"

"ஒஞ் சோடா."

"அப்படிப் போடு" என்றாள் சண்முகத்தாய். போன பல் தெரியச் சிரித்தாள்.

இன்னாசிக்குப் பட்டம் கொடுத்த அன்று அவர்களை அழைக்கவில்லை. அது முடிந்துவிட்டது என்று போனில் சொன்னார். மலரில் அவர் பக்கத்தில் பட்டம் பெற்ற வருடத்தை எடுத்துவிடும்படி சுகிர்தாவிடம் கேட்டுக்கொண்டார். அவள் காரணம் கேட்டாள். "படத்தைப் பெருசாப் போட்டுக்கோ, இடம் கிடைக்கும்" என்றார். பஸ்ஸும் சோடாவும் மலரில் வரவில்லை. ஒருவரும் தேடவில்லை.

முன்பு அவர் ஊரில் முதல் பூசை வைத்தபோது கம்பெனிக்கு ஒரு பெட்டி என்று வெடி வந்து குவிந்தது. மேளம், ரோஜா மாலை, வாணவேடிக்கை. மாலை போட நின்ற வரிசையில் மிக்கேலம்மாள் பாதிவரைக்கும் போய்த் திரும்பிவிட்டாள், அவ்வளவு கூட்டம். இந்தத் தடவை அவர் ஒரு செவ்வாய்க்கிழமை விடியும் முன்பே பைக்கில் வந்து இறங்கினார். பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டு ஊர்க் காலைப் பூசையை அவர் வைத்தார். வந்திருந்தவர்கள் வேலைக்குப் போகும் பெண்கள் சிலர். சாப்பாட்டுத் தூக்குகளைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மிக்கேலம்மாள் இரண்டாம் வரிசையில் ஓரமாக இருந்தாள். பீடத்துக்குப் பக்கத்தில் சந்தியாகு, மணியோடு. அவளைப் பார்க்காமல் நின்றார்.

இன்னாசி சிலுவை அடையாளம் வரைந்தார். பிறகு, யாருக்காக இந்தப் பூசை என்று சொன்னார்.

"சினேகாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக."

சந்தியாகு நிமிர்ந்தார். சினேகாவின் நினைவு நாள் அன்று இல்லை. யாரும் பூசைக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் முதலில் சாமியாரைப் பார்த்தார். பிறகு, அத்தனை நாளுக்குப் பின், திரும்பி மிக்கேலம்மாளைப் பார்த்தார். இது செல்லும் என்பதுபோல் அவள் தலையை ஆட்டினாள்.

கிண்ணத்தைத் தூக்கும் நேரத்தில் வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. பெண்கள் தூக்குகளில் கை வைத்தார்கள். எழுந்திருக்கவில்லை. சந்தியாகு மணியை அடித்தார். வழக்கத்தைவிட நீளமாக அடித்தார். ஹாரனும் மணியும் சேர்ந்து கேட்டன. எல்லோரும் குனிந்தார்கள்.

மிக்கேலம்மாளும் குனிந்தாள். அவளுக்கு அப்போதும் சோடாதான் நினைவுக்கு வந்தது. உள்ளங்கையில் அந்தப் பிசுபிசுப்பு. அன்றைய பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. முப்பது பேரும் அலறலை நிறுத்திக்கொண்டு பார்த்தார்கள். குழந்தை தும்மியது.